வாசல் கொடியில் இரண்டு போர்வை

"டீச்சர், உங்க ஊட்ல மட்டும் இன்னாத்துக்கு தெனம் போர்வ காயுது?"

மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்ட கேள்வி. முப்பது வருடம் ஆகப்போகிறது. இன்று காலை நம் பேத்தியின் போர்வையைக் கையில் எடுத்தபோது வந்த வாடையில் அது மறுபடியும் காதில் விழுந்தது. நீங்கள் இறந்த பிறகு இந்த நான்கு வருடத்தில் மனதுக்குள் உங்களிடம் எத்தனையோ பேசியிருக்கிறேன். இதை மட்டும் பேசவில்லை.

நம் மகளுக்கு அப்போது எட்டு வயது. வாரத்தில் ஐந்து நாளாவது பாய் நனையும். உங்களுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. எனக்குக் கவரைப்பேட்டையில், நம் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளியிருந்த பள்ளியில். அவளும் என் வகுப்பில்தான் படித்தாள். ஊரார் பிள்ளைக்கு எழுத்து வராவிட்டால் மாதக்கணக்கில் பொறுத்திருப்பேன். என் பிள்ளையிடம் அந்தப் பொறுமை வரவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது என்று சட்டம் போட்டேன். சமையலறைச் சுவரில் ஓர் அட்டை ஒட்டி, நனையாத நாளுக்கு நட்சத்திரமும் நனைந்த நாளுக்குச் சிவப்பு வட்டமும் போட்டேன். அட்டை சிவந்துகொண்டே போனது.

ஒருநாள் நீங்கள் வந்து மெதுவாகச் சொன்னீர்கள்: "டீச்சரு, பொண்ணு குளிக்கிற வாளித் தண்ணிய அள்ளிக் குடிச்சிக்கினு கீது. உன் சட்டத்த கொஞ்சம் தளத்து." நான் தளர்த்தவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சுகாதாரப் பாடம். எனக்கு எதற்கும் ஓர் உதாரணம் வேண்டும், உங்களுக்குத்தான் தெரியுமே. வகுத்தல் கணக்கு என்றால் முறுக்கைப் பங்கு போடுவேன். நீர் ஆவியாவது என்றால் ஈரத் துணியைக் காட்டுவேன். அன்று சுத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது, "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, உங்க வயசுதான். இன்னும் பாயை நனைக்கிறா. அவங்க வீட்ல தினமும் போர்வை துவைக்கணும்" என்றேன். பெயர் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

உங்கள் ஆலையில் ஆயுத பூஜைக்குக் கொடுத்த பச்சைக் கட்டம் போட்ட போர்வையைத்தான் அவள் போர்த்திக்கொள்வாள்; அது நம் வாசல் கொடியில் தினமும் தொங்கியது. மாடியில் போட்டால் கரித்தூள் படிகிறது என்று வாசலில் போட்டவளும் நான்தான். தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கு வந்தார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கேள்வி வந்தது. வகுப்பே சிரித்தது. நம் மகள் அழவில்லை. பென்சில் டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். "அது என் போர்வை" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் மேசையைத் தட்டி "அமைதி" என்றேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி ஏதோ எழுதினேன். என்ன எழுதினேன் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. பென்சில் டப்பாவின் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் அவள் பள்ளிக்கு வர மாட்டேன் என்றாள். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய உங்களிடம் அவளே எல்லாம் சொன்னாள். நீங்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவள் போர்வையைத் துவைத்தீர்கள். பிறகு உள்ளே வந்து, மடித்து வைத்திருந்த உங்கள் போர்வையையும் கொண்டுபோய் வாளியில் முக்கினீர்கள். "பின்கட்டுல போடலாமே" என்றேன். "மறைச்சா இன்னும் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு இரண்டையும் வாசலிலேயே போட்டீர்கள்.

பால் வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா நின்றாள். "இன்னாண்ணே, நீ தொவச்சிக்கினு கீற? டீச்சருக்கு ஒடம்பு சரியில்லியா?"

"எம் போர்வம்மா. ஃபர்னஸ் சூட்டுல வேல. ஊட்டுக்கு வந்தும் வேர்த்து ஊத்துது. தெனம் தொவச்சாத்தான் தூக்கமே."

"ரெண்டு கீது?"

"ரெண்டும் என்னுதுதான். என் ஒடம்ப பாரு, ஒண்ணு பத்துமா?"

அக்கா சிரித்துக்கொண்டே போனாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மகளும் சிரித்தாள். அன்று பள்ளிக்கு வந்தாள். யாரோ கேட்டதற்கு, "அது எங்க நைனாது" என்று சொன்னாளாம்.

அவளை டாக்டரிடம் அழைத்துப் போனதும் நீங்கள்தான். சோதித்துப் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை, ஆழ்ந்து தூங்குகிற பிள்ளை, வேண்டுமென்று செய்வதில்லை என்றார். பகலில் நன்றாகத் தண்ணீர் கொடுங்கள், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், படுக்கும் முன் ஒருமுறை போய்வரட்டும், திட்டாதீர்கள். அவ்வளவுதான். சுவரிலிருந்த அட்டையை நீங்கள் தொடவில்லை. நானே கிழிக்கட்டும் என்று காத்திருந்தீர்கள். கிழித்தேன். அதன் பிறகும் உடனே நிற்கவில்லை. நனைந்த நாட்கள் மெல்லக் குறைந்து, முழுதாக நிற்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதுவரை கொடியில் இரண்டு போர்வைதான்.

தன் கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள் மகள் சொன்னாள், நீங்களும் பதினோரு வயது வரை பாயை நனைத்தவர் என்று. அவளிடம் அப்போதே சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று உங்களைக் கேட்டேன். "உங்கிட்ட சொன்னா உதாரணமாக்கிடுவியே, டீச்சரு." நீங்கள் விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது காக்களூரிலிருந்து மகள் வந்து, ஏழு வயதுப் பேத்தியை லீவில் ஞாயிற்றுக்கிழமை வரை முதல்முறையாகத் தனியாக விட்டுப் போயிருக்கிறாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, இவளுக்கும் அது கீது. டாக்டர்கிட்ட காட்டிக்கினுதான் கீறோம். யார்கிட்டயும் சொல்லாத. உதாரணத்துக்குக்கூட சொல்லாத. ஏதாவது ஆச்சுன்னா அன்னிக்கே வந்து கூட்டிக்கினு போயிடுவேன்." கோபமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னாள். பெற்ற மகள், தன் பிள்ளையை என்னிடம் விடப் பயப்படுகிறாள்.

இன்று காலை சின்னவள் ஈரப் போர்வையைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். "ஆயா, யார்கிட்டயாவது சொல்லிடுவியா?"

காய்ந்த பாவாடையை எடுத்துக் கொடுத்தேன். அவள் போர்வையைத் துவைத்தேன். பிறகு என் போர்வையையும் வாளியில் முக்கினேன். வாசலில் இரண்டையும் போடும்போது எதிர்வீட்டு அக்காவின் மருமகள் கேட்டாள்: "இன்னா டீச்சரம்மா, காலங்காத்தால ரெண்டு போர்வ?"

"எனக்குத்தாம்மா. வயசாவுதில்ல? தூக்கத்துல தெரிய மாட்டேங்குது."

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். வகுப்பில் சொல்லாமல் விட்ட பதிலை இப்போதாவது சொன்னேன். அதனால் அன்றைய கணம் அழிந்துவிடாது. அது எனக்குத் தெரியும்.

மகளுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். இதை நாலு பேர் படிக்க எழுதலாமா என்றும் கேட்டேன். "எழுது. நீ பண்ணத எழுது. எங்க ரெண்டு பேர் பேரும் வேணாம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாக இருந்தவள், "லீவு முடியட்டும்மா" என்று வைத்துவிட்டாள்.

அன்று கொடியில் தொங்கிய அந்தப் பச்சைக் கட்டப் போர்வை நைந்துபோய் இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்று என் போர்வை என்று நான் முக்கியது அதைத்தான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும். நாளைக் காலை உங்கள் வீட்டுப் பிள்ளை நனைந்த துணியோடு எழுந்து நின்றால், ஒன்றும் கேட்காமல் முதலில் ஒரு காய்ந்த துணியை எடுத்துக் கொடுங்கள்.