அம்மா அறையின் கறுத்த பலகைகள்

டெக்கோரா, அயோவா
ஏப்ரல் 11, 1994

அன்புத் தங்கை மார்வாவுக்கு,

கர்த்தர் கிருபையால் எனக்கும் லாய்டுக்கும் சுகம். அங்கும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

நாங்கள் குடிவருமுன் அம்மா வீட்டுத் தரையைத் தேய்த்துச் சாயம் ஏற்றி வார்னிஷ் அடிக்க ஆரம்பித்தோம். கூடத்து ஓக் பலகையெல்லாம் தேன் நிறத்தில் வந்தது. அம்மா அறையில் கம்பளத்தை உரித்தால், கட்டிலோரம் ஓர் ஆள் நீளத்துக்குக் கன்னங்கரேல் என்று இருக்கிறது. பதினோரு உப்புத்தாள் தேய்ந்தும் போகவில்லை. அமிலமும் வைத்துப் பார்த்தேன். லாய்டு, "பழைய வீடுன்னா இப்படித்தான், ஏதாவது நாய் மூத்திரமா இருக்கும், விடு" என்கிறார். அம்மா எந்தக் காலத்தில் நாய் வளர்த்தாள்?

மாதக்கணக்கில் ஈரம் நின்றால்தான் ஓக் இப்படிக் கறுக்கும். "அம்மாவைப் பூ மாதிரி வெச்சிருக்கேன்" என்று ஃபோனில் சொன்னாயே. சாகுமுன் எத்தனை நாள் அந்த ஈரத்தில் கிடந்தாள்? பதில் எழுது.

ஆர்டிஸ்

ஒசியன்
ஏப்ரல் 15

அக்கா,

சுகம்தான்.

அந்தக் கம்பளத்தைப் போட்டது யார்? அம்மா வழுக்கி விழக் கூடாதென்று நீதானே போட்டாய். நாற்றம் தாங்காமல், "கிழிச்சு எறியட்டுமா?" என்று உன்னைக் கேட்டேன். "நல்ல கம்பளம்டி, காசு கொட்டி வாங்கினது" என்றாய். வான்கோழி இறைச்சி ஆலையில் வேலை முடித்து நான் வந்து சேர்வதற்குள் அம்மா நனைந்திருப்பாள். தினமும் தூக்கினேன், தினமும் கழுவினேன். ஈரம் அடியில் இறங்கியது எனக்கெப்படித் தெரியும்? போன வருஷ ஈஸ்டருக்கு வந்தாய், அம்மா கையைப் பிடித்து ஜெபித்தாய், காபி குடித்தாய், கிளம்பினாய். உன் ஜெபத்துக்கு நாற்றம் தெரியவில்லையா?

அறை முழுக்கக் கறுப்புச் சாயம் அடித்துவிடு. யாருக்கும் தெரியாது.

மார்வா

டெக்கோரா
ஏப்ரல் 20

மார்வா,

கறுப்புச் சாயம் வாங்கிவந்தேன். டப்பாவைத் திறந்தேன். அடிக்க மனம் வரவில்லை, மூடிவிட்டேன்.

கம்பளத்தைப் பற்றி நீ எழுதியது உண்மை. உண்மை என்பதாலேயே உன்மேல் இன்னும் கோபம் வருகிறது. ஆண்டவரிடமும் அதையேதான் சொன்னேன்.

சுவரோடு சேர்ந்த துணி அலமாரிக்குள் இருக்கும் தரையும் அதே ஓக், அதே வயசு. கறுத்த பலகைகளை எடுத்துவிட்டு, அலமாரித் தரையைப் பெயர்த்து இங்கே பொருத்தப் போகிறேன். ஒருத்தி நெம்ப, ஒருத்தி பிடிக்க வேண்டும். லாய்டுக்கு முதுகுவலி, குனிய ஆகாது. வேறு யாரையும் அந்த அறைக்குள் விட எனக்கு விருப்பமில்லை.

சனிக்கிழமை வா. சூப் வைக்கிறேன். நான் பேச்சுக் கொடுக்க மாட்டேன், நீயும் கொடுக்காதே.

முட்டிக்கு ஏதாவது கட்டிக்கொண்டு வா. ரெண்டு பேரும் அங்கே வெகுநேரம் முழங்காலில் நிற்க வேண்டியிருக்கும்.

ஆர்டிஸ்