விரலுக்கு இசையாத பண்பேழை குறித்து வெண்மணல் வேந்தருக்கு எழுதியது

கடலை முற்றமாகவும் கழியை அகழியாகவும் உடைய வெண்மணல் நாட்டை ஆண்டு, கலம் செலுத்துவோர்க்குத் துணையாகவும் கரை நிற்போர்க்கு நிழலாகவும் வீற்றிருக்கும் இளங்கடலரையர் திருமுன்பு, மேகம் இறங்கித் தங்கும் முகிற்கோட்டு நாட்டின் அரசி நன்முகைத் தேவியார் ஏவ, அவர்தம் ஓலைநாயகம் சேந்தன் அள்ளன் எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் கலங்கள் சரக்கோடும் ஆளோடும் திரும்பி வருக. தங்கள் உப்பளங்கள் வெயில் காண்க. இங்கே மழை வேண்டிய மட்டும் பெய்தது. தினை முற்றி நிற்கிறது. எல்லையில் பகை இல்லை. தேவியார் உடல் நலத்தோடு இருக்கிறார்.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. தங்கையாரான தேவியாருக்குத் தாங்கள் அனுப்பிய, தொட்டால் பாடும் பண்பேழை அவர் விரலுக்குப் பணியவில்லை என்ற செய்தி தங்கள் செவிக்கு எட்டியதாகவும், அதனால் சினந்து அதைச் செய்த கம்மியர் தலைவர் அவிரனாரைச் சிறையில் இட்டிருப்பதாகவும், அதனினும் பெரிய பேழை ஒன்று செய்வித்து அனுப்ப இருப்பதாகவும் அதில் கண்டிருந்தது. அவ்வோலையைத் தேவியார் இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு, நடந்ததை ஒளிக்காமலும் இனிப்புத் தடவாமலும் எழுதுக என்று ஆணையிட்டார். ஆகவே இதில் கசப்பாய்த் தோன்றுவது எதுவோ, அது அவருடைய ஆணையால் எழுதப்பட்டது என்று கொண்டு பொறுத்தருள்க.

இம்மலை நாட்டு அரியணையில் அமர்பவர் பத்து விரலிலும் பொன்னுறை அணிவது வழக்கம். முன்னொரு காலத்தில் அரசர் ஒருவரைக் கைகுலுக்கும் பாவனையில் நஞ்சு தடவிக் கொன்றார்களாம். அன்றுமுதல் ஆள்பவர் உடலை யாரும் தொடலாகாது. ஆள்பவரும் வெறும் விரலால் பிறரைத் தொடுவதில்லை. கணவன் மனைவிக்கு மட்டுமே விலக்கு உண்டு. தேவியார் மணமகளாய் மலையேறி வந்த சில ஆண்டுகளிலேயே மன்னர் கோடன் வேள் காய்ச்சலில் மறைந்தார். இந்நாட்டு முறைப்படி அரியணை தேவியாருக்கு வந்தது. அதோடு பொன்னுறைகளும் வந்தன.

அதன்பின் அவர் வாழ்ந்த வாழ்வு இப்படி இருந்தது. தலை வாரும் பணிப்பெண் கையில் பட்டுத் துணி சுற்றிக்கொண்டுதான் சீப்பை எடுப்பாள். வளையல் இடுபவள் அதைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டு ஒதுங்கி நிற்பாள். ஒருமுறை கோட்டைப் படியில் கால் இடறித் தேவியார் விழுந்தார். சூழ நின்ற அத்தனை பேரும் பதறினார்கள். ஒருவரும் கை கொடுக்கவில்லை. அவர்கள் மேல் பிழை இல்லை. கொடுத்தால் தண்டனை உண்டு. அவர் தாமாகவே சுவரைப் பிடித்து எழுந்து, ஒன்றும் நடக்காதவர் போல அவைக்குப் போனார். அன்று முழுவதும் வழக்குகளைக் கேட்டார். முழங்காலில் குருதி உறைந்திருந்ததை இரவில் உடை மாற்றும்போதுதான் பணிப்பெண்கள் கண்டார்கள்.

மழை தொடங்கிய நாளில் தங்கள் தூதர் பேழையோடு வந்தார். உள்ளங்கையில் அடங்கும் கருமரப் பெட்டி. மேலே கறுத்த கண்ணாடி முகம். பழைய பேழைகளில் இருந்த முடுக்கும் திருகோ அழுத்தும் குமிழோ இதில் எதுவும் இல்லை. கண்ணாடியை ஒருமுறை தொட்டால் பாடும். மறுமுறை தொட்டால் நிற்கும். விரலை வலப்பக்கம் இழுத்தால் அடுத்த பாட்டுக்குப் போகும். மேலே இழுத்தால் ஒலி உயரும். நெடுவழிப் பயணத்திலும் மடியில் வைத்துக் கேட்கலாம் என்று தூதர் அவையில் விளக்கித் தொட்டுக் காட்டினார். வலை இழுப்பவர் பாட்டு மலைக்கோட்டை அவையில் ஒலித்தது. இங்குள்ளோர் கடலைக் கண்டவர் அல்லர். எனினும் பலர் தம்மை அறியாமல் அதன் தாளத்துக்குத் தலை அசைத்தார்கள். பாட்டுகள் எல்லாம் முடிந்த இடத்தில், கடைசியாக, வேந்தர் தம் குரலிலேயே தங்கையாருக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறார் என்றும் தூதர் தெரிவித்தார்.

அதைக் கேட்டதும் தேவியார் இருக்கையைவிட்டு எழுந்தே வந்து பேழையை வாங்கினார். பொன்னுறை அணிந்த விரலால் தொட்டார். அது பாடவில்லை. மறுபடி தொட்டார். பொன் கண்ணாடியில் பட்டு ஒலித்ததே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அவையோர் தரையைப் பார்த்தார்கள். உயிருள்ள விரலின் சூட்டையும் ஈரத்தையும் உணர்ந்தே இது பாடும், உலோகத்துக்கு இசையாது என்று தூதர் தடுமாறியபடி சொன்னார்.

தூதர் விடைபெற்றுப் போனதும் அன்று மாலை தம் அறையில் தேவியார் உறைகளைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆண்டுக்கணக்கில் வெயில் படாமல் இருந்த விரல்கள் வெளுத்து, நுனி காய்ந்து, தோல் காகிதம் போல் ஆகியிருந்தன. மலைக்குளிர் வேறு. பேழை முதலில் அசையவில்லை. பிறகு, தொட்டுக் கையை எடுத்து நெடுநேரம் ஆனபின் திடீரென்று பாடிற்று. நிறுத்தத் தொட்டால் அடுத்த பாட்டுக்குத் தாவியது. அடுத்த பாட்டுக்கு இழுத்தால் முதற்பாட்டுக்கே திரும்பியது. என்னை அழைத்துத் தொடச் சொன்னார். என் விரலுக்குச் சற்றே தயங்கினாலும் சொன்னபடி கேட்டது. அறையைப் பெருக்க வந்த செம்பி என்னும் பணிப்பெண்ணைத் தொடச் சொன்னார். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பயந்து பயந்து ஒரு விரல் வைத்தாள். வைத்த கணமே பாடிற்று.

தேவியார் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஊருக்கெல்லாம் பாடுது. என் கை மட்டும் என்ன கட்டையா?” என்றார்.

செம்பியையே கடைசிவரை இழுக்கச் சொல்லிக் கேட்கலாமே என்று நான் வேண்டினேன். அண்ணன் குரலை வேறொருவர் விரலால் கேட்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அன்றுமுதல் பேழை அவரைவிட்டுப் பிரியவில்லை. அவை முடிந்து அறைக்கு வந்ததும் உறைகளைக் கழற்றுவார்; விரலைக் கணப்பில் காட்டிச் சூடாக்குவார்; எண்ணெய் தடவிப் பார்ப்பார்; நீரில் நனைத்துப் பார்ப்பார். எண்ணெய் விரல் வழுக்கியது. நனைந்த விரலுக்குப் பேழை பித்துப் பிடித்தாற்போல் பாட்டுக்குப் பாட்டு பாய்ந்தது. பாதி வழி வரை போய்விட்டுத் திரும்பவும் தொடக்கத்துக்கு வந்துவிடும். அவர் சினந்து பேழையை எறிந்ததில்லை. ஒவ்வொரு முறையும் துடைத்து மடியில் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் இரு ஊரார் மேய்ச்சல் எல்லை குறித்து வழக்காடிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் செருகியிருந்த பேழையின் முகம் எப்படியோ தேவியாரின் உடலில் பட்டுவிட்டது. நிறைந்த அவையில் தோணிக்காரர் பாட்டு உரத்த குரலில் எழுந்தது. அவர் எடுத்து நிறுத்தப் பார்த்தார். பொன்விரல்களுக்கு அது நிற்கவில்லை. தொட்டு நிறுத்த முன்வருவாரும் இல்லை. வழக்காடியவர்கள் வாய் மூடி நிற்க, அந்தப் பாட்டு முடியும்வரை அரசி அசையாமல் அமர்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் நீர் மட்டும் வழிந்தது. அதைத் துடைக்கவும் அவர் கை தூக்கவில்லை.

அவைத்தலைவர் பெருங்கோடனார் மறுநாள் வந்து, அரியணையின் மதிப்புக்கு இழுக்கு நேர்ந்ததாக மிகப் பணிவோடு எடுத்துரைத்து, பேழையைக் கருவூலத்தில் வைத்துப் பூட்டுவதே தக்கது என்றார். அவர் கெட்டவர் அல்லர். மூன்று அரசர்க்குத் துணை நின்றவர். தேவியாரும் மறுக்கவில்லை. மாலையில் தருகிறேன் என்றார்.

அன்று பிற்பகல் பலகணி அருகே அமர்ந்து கடைசியாக முயன்றார். செம்பி அறையின் மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தேவியார் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருக்க, அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. செம்பி பார்த்துக்கொண்டே இருந்தவள், கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து, அரசியின் கைமேல் தன் கையை வைத்துவிட்டாள். பின்னர் விசாரணையில் அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே பதிக்கிறேன். “நான் ஒண்ணும் நெனச்சுச் செய்யல. கை அப்படிச் சில்லுன்னு இருந்துச்சு. எந்தப் பொம்பள கையா இருந்தாலும் புடிச்சிருப்பேன்.”

செம்பியின் கைச்சூடு ஏறியதாலோ, உயிரோடு உயிர் பட்டதாலோ, கீழே இருந்த தேவியாரின் விரலுக்குப் பேழை முதன்முறையாக உடனே பாடிற்று. செம்பி திடுக்கிட்டுக் கையை எடுக்கப் போனாள். தேவியார் மற்றக் கையால் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். அப்படியே விரலை வலப்பக்கம் இழுத்தார். பாட்டு மாறியது. மறுபடி இழுத்தார், மாறியது. வலைப்பாட்டும் தோணிப்பாட்டும் திருவிழா முரசும் ஒவ்வொன்றாய் ஒதுங்க, கடைசியில் தங்கள் குரல் வந்தது.

அக்குரல் மொழிந்ததைத் தேவியார் சொல்ல எழுதுகிறேன்: “முகிற்கோட்டு நாட்டை ஆளும் பெருந்தேவியார்க்கு வெண்மணல் வேந்தன் வாழ்த்து உரைக்கின்றேன். தங்கள் கொடி உயர்க. இரு நாட்டு நட்பும் வாணிகமும் வளர்க.”

அவ்வளவே. தேவியார் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வீட்டில் தங்களுக்கு அவர் முகை. ‘ஏ முகை’ என்று தாங்கள் முற்றத்திலிருந்து கூப்பிட்டால் அவர் ஈரத் தலையோடு ஓடிவருவாராம். அந்தப் பெயராவது வரும் என்று எண்ணினார். பேழை அடங்கிவிட்டது. வெளியே மழைதான் கேட்டது. அதன்பின்னும் அவர் செம்பியின் மணிக்கட்டை விடவில்லை, செம்பியும் உருவிக்கொள்ளவில்லை. பேழையை வாங்கிப் போக வந்த பெருங்கோடனார் வாயிலில் நின்று கண்டது அந்தக் கோலத்தைத்தான்.

ஆள்பவரைத் தொட்டவர் காட்டுக்கு அப்பால் துரத்தப்பட வேண்டும் என்பது சட்டம். செம்பியை அவையில் நிறுத்தினார்கள். அவள் மறுக்கவில்லை. பெருங்கோடனார் சட்டத்தை வாசித்து முடித்ததும் தேவியார் பொன்னுறைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றித் தம்முன் இருந்த பலகையில் வைத்தார்.

“அவள் கையை எடுக்கத்தான் பார்த்தாள். பிடித்துக்கொண்டவள் நான். தண்டனை வேண்டுமானால் என்னிலிருந்து தொடங்குங்கள்” என்றார். பிறகு, “இனி இவற்றை நான் அணிய மாட்டேன். இந்தக் கை உங்களுக்கு வேண்டாம் என்றால் வேறு அரசியைத் தேடிக்கொள்ளலாம்” என்றும் சொன்னார்.

வடமலைத் தலைவர்கள் எழுந்து வெளியேறினார்கள். இன்றுவரை அவைக்கு வரவில்லை. பெருங்கோடனார் நெடுநேரம் பலகையையே பார்த்திருந்துவிட்டு, ஆள்பவர் பிறரைத் தொடுவதற்குச் சட்டத்தில் தண்டனை கூறப்படவில்லை என்று தீர்ப்பளித்தார். அன்றே தம் பதவியையும் துறந்தார். செம்பி விடுவிக்கப்பட்டாள்.

இத்தோடு எல்லாம் நன்றாய் முடிந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். அரசியைத் தொட்ட கை என்று சொல்லி அடுக்களைப் பெண்கள் செம்பியோடு ஒரு பானையில் நீர் மொள்ள அஞ்சினார்கள். அவள் இருந்து பார்த்தாள், முடியவில்லை. தன் அக்காள் ஊருக்குப் போக விடை கேட்டாள். தேவியார் கொடுத்தார். போகும்போது அவள், “வேலைக்காரியா இல்லாம வேற யாராவதா இருந்திருந்தா இங்கேயே இருந்திருப்பேன் தாயி” என்றாள். தேவியார் கோட்டை வாயில் வரை உடன் நடந்தார். உறைகள் இல்லாவிட்டாலும் அவர் கையைத் தொட இன்னும் யாரும் துணியவில்லை. வழக்கம் பொன்னில் மட்டும் இருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

பேழையைப் பொறுத்தவரை, அவிரனார் மேல் ஒரு குற்றமும் இல்லை. வெயிலும் மழையும் பட்டு விரலுக்கு உயிர் வந்தபின் அது தேவியார் தொட்டவுடனே பாடுகிறது. நிற்கச் சொன்னால் நிற்கிறது. ஆனால் அவர் இப்போது அதை அதிகம் எடுப்பதில்லை. ஆகவே அவிரனாரை விடுவித்து, பறித்த சிறப்புகளைத் திருப்பித் தந்து, சிறையில் கழிந்த நாட்களுக்குத் தாங்களே நேரில் ஆறுதல் கூறவேண்டும் என்பது தேவியாரின் முதல் வேண்டுகோள். பெரிய பேழை வேண்டாம் என்பது இரண்டாவது.

மூன்றாவது வேண்டுகோள் அன்று, ஆணை. இந்நாட்டு எல்லை வாயில் காப்போர்க்கு இன்று பிறப்பித்தது. அதன் வாசகம் இங்கே பதிக்கப்படுகிறது. வெண்மணல் நாட்டிலிருந்து பரிசில் சுமந்து எவர் வரினும், அவர் எத்தகைய தூதராயினும், பண்டத்தோடு திருப்பி அனுப்புக. படை இன்றி, பல்லக்கு இன்றி, வெறுங்கையோடு ஒருவர் வந்து, தாம் நன்முகையின் அண்ணன் என்று சொன்னால், பகலாயினும் இரவாயினும் அடையாளம் கேளாமல் கதவைத் திறக்க. இவ்வாணைக்கு முடிவு நாள் இல்லை.

இவ்வோலை தேவியார் கேட்டு ஒப்பியது. அரச இலச்சினை இடுவதற்காக அரக்கு உருக்கி வைத்தபோது, அவர் இலச்சினையை ஒதுக்கிவிட்டுத் தம் சுட்டுவிரலையே ஒற்றினார். சுடும், ஆறட்டும் என்று நான் தடுத்தும் கேட்கவில்லை. கீழே பதிந்திருக்கும் ரேகை அவருடையது.