பீரோவுக்குள் என் சான்றிதழ்கள்

ஜூலை 9, புதன்

காலையில் பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாகத் தாளாளரிடம் என் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டேன். திங்கட்கிழமை தருமபுரியில் இன்னொரு பள்ளியில் எனக்கு நேர்முகத் தேர்வு. அதைச் சொல்லாமல், பேங்க் லோனுக்கு என்று பொய் சொன்னேன்.

"எதுக்குங்க டீச்சர் அலையறீங்க? ஜெராக்ஸ் போதுங்க. ஒரிஜினல் இங்க பீரோவுல பத்திரமா இருக்குது" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒன்பதாம் வகுப்பு. ஐரோப்பாவில் நிலமானிய முறை தோன்றிய பாடம். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்த உழவர்கள் நிலத்தைப் பிரபுவிடம் ஒப்படைத்துவிட்டு, அதே நிலத்தில் அவருக்குக் கட்டுப்பட்டு உழுதார்கள் என்றேன். கவியா எழுந்தாள்.

"புடுங்கலீங்களா மிஸ்? அவங்களே குடுத்தாங்களா?"

"ஆமா. பாதுகாப்பு வேணுமில்ல."

"பயம் போனப்புறம் திருப்பிக் கேட்டா குடுப்பாருங்களா?"

"உங்கப்பா உங்கிட்டருந்து வாங்கி வெச்ச செல்லைத் திருப்பிக் கேட்டுப் பாருடி, தெரியும்" என்றாள் பின் பெஞ்சுக்காரி. வகுப்பே சிரித்தது. நான் பாடத்தின் அடுத்த பத்திக்குப் போனேன்.

பதினோரு வருடங்களுக்கு முன் வேலையில் சேர்ந்தபோது, தாளாளர் கேட்டதும் சான்றிதழ்களை ஃபைலோடு நானேதான் கொடுத்தேன். ஒழுகும் வாடகை வீட்டைவிட அவர் பீரோ பத்திரம் என்று அன்று நிம்மதியாகக்கூட இருந்தது.

நாளை கேட்கப் போவதில்லை. ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பீரோவைத் திறக்கும்வரை அந்த அறையிலேயே உட்காரப் போகிறேன். கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கடிதத்துக்கு இந்த நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து வைத்துவிட்டேன்.