மூன்று புள்ளி, ஒரு கோடு

நண்பா,

இன்று காலை ஒரு லேப்டாப் சாம்பார் வாசனையோடு என் இஸ்திரி மேசைக்கு வந்தது. கொண்டுவந்த அம்மா, "மேல ஒண்ணுமே கொட்டலங்க, தானா நின்னுபோச்சு" என்று சத்தியம் செய்தார். மூடியைத் திறந்தேன். பொத்தான்களுக்கு நடுவே ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. "தானாத்தான் நின்னிருக்கு. இது சும்மா பார்க்க வந்திருக்கும்" என்றேன். அவரே சிரித்துவிட்டார். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்படி ஒன்று கைக்கு வந்தால் இன்னும் உன்னிடம் சொல்லத்தான் வாய் துறுதுறுக்கிறது.

உன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டாவது மாடியில் இருந்தது. அந்தப் படியில் ஏறுவதற்குள் கொண்டுவருகிறவனே ரிப்பேராகிவிடுவான். யாரும் ஏறவில்லை. அதனால் ஊருக்குள் தரையோடு கடை வைத்திருக்கிறவர்களைக் கூட்டுச் சேர்த்தாய். படவேட்டுப் பக்கத்துக் கிராமத்து ஆட்களுக்கு, அவர்கள் பஸ் நிற்கிற இடத்து மெடிக்கல் ஷாப். பட்டுக்காரர்களுக்கு ஜரிகைக் கடை. கோட்டைப் பக்கத்து வீடுகளுக்கு என் இஸ்திரிக் கடை.

"துணி குடுக்க எப்படியும் உன்னாண்ட வராங்க. அப்படியே இதையும் குடுத்துட்டுப் போவட்டும். சாயங்காலம் நான் வந்து எடுத்துக்கறேன்" என்றாய்.

"சூடா ஒரு தேய் தேய்ச்சு வெக்கட்டுமா?"

"யோவ், பெட்டியை அதுமேல வெச்ச, உன்னை மடிச்சு வெச்சிடுவேன்."

ஒரு கட்டு கார்டு கொடுத்தாய். பெயர், போன் நம்பர், என்ன கோளாறு, சார்ஜர் உண்டா, எல்லாம் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. நான் கலெக்டர் மாதிரி தலையாட்டினேன். நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தமிழை எழுத்துக் கூட்டி ஓட்டிவிடுவேன். இங்கிலீஷ் சுத்தமாக வராது. அதைச் சொன்னால் வேறு கடை பார்த்துக்கொண்டு போய்விடுவாய் என்று பயம். சாயங்காலம் நீ மொபெட்டில் வந்ததும், பேனா தீர்ந்துபோச்சு, விரலில் சூடு பட்டுடுச்சு என்று ஏதாவது சொல்லி, மனப்பாடமாக ஒப்பிப்பேன். நீயே எழுதிக்கொள்வாய். திரை மங்கலாக இருந்தால் "சாயம் போவுது" என்பேன். தண்ணீர் பட்டிருந்தால் "இன்னும் ஈரம் காயல" என்பேன். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அடையாளத்துக்கு எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். சலவைத் துணிக்கு வீட்டுக்கு ஒரு குறி உண்டல்லவா, அதையே துணிக் கிழிசலில் போட்டு லேப்டாப்பில் கட்டிவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பட்டுக்கார அண்ணன் தம்பியை நினைவிருக்கும். பாகம் பிரித்து, வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பி, நாலு வருஷம் பேச்சில்லை. ஒருவர் போடும் சேலை டிசைனை மற்றவர் கண்ணில் காட்டமாட்டார். வீடு கோட்டைப் பக்கம் என்பதால் இருவரும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரிக் கறுப்பு லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டைப் பிரித்தார்களே தவிர, அவர்கள் குறியை நான் பிரிக்கவில்லை. அவர்கள் அப்பா காலத்து மூன்று புள்ளி, ஒரு கோடு. இரண்டிலும் அதையே கட்டினேன். அந்த வாரம் நீ அவசர அவசரமாக வந்து போனதால் கார்டும் எழுதவில்லை. சரியாகித் திரும்பி வந்ததும் அண்ணனுடையதைத் தம்பிக்கும் தம்பியுடையதை அண்ணனுக்கும் சிரித்த முகமாகக் கொடுத்தேன்.

மறுநாள் அண்ணன் வந்து நின்றார். "இது என்னுது இல்ல. கல்யாண ஆர்டர் டிசைன் மொத்தமும் என்னுதுலதான் இருக்கு. யார் கையில குடுத்த?" போன் போட்டதும் நீ ஓடிவந்தாய். உள்ளே இருப்பதை வெளி ஆள் பார்க்கமாட்டான் என்று ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்தவன் நீ. இந்தக் கதை பரவினால் எந்தக் கடையிலும் எவரும் கொண்டுவந்து வைக்கமாட்டார். "கார்டு எங்க?" என்றாய். வெறும் கார்டுக் கட்டை நீட்டினேன். அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். நான் ஏற்கெனவே தேய்த்து மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி தேய்த்தேன்.

அப்போது அண்ணனின் போன் அடித்தது. தம்பி. தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், எங்களுக்கும் கேட்டது.

"அண்ணே, உன் மயிலு ஒத்தக் கால்ல நிக்குது. இன்னொரு கால் இன்னா ஆச்சு?"

"டேய்! என் டிசைனை நீ எதுக்குடா பார்த்த?"

"தொறந்தா அதான் முன்னாடி நிக்குது. இப்படியே தறிக்குக் குடு, பொண்ணு வீட்டுக்காரங்க உன்னை ஒத்தக் கால்ல நிக்க வெப்பாங்க."

அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து முறைத்தார். பிறகு, "ஜல்தி எடுத்துகினு வா. வந்து நீயே போட்டுக் காட்டு" என்றார். தம்பி வந்ததும் இருவரும் என் துணி மூட்டைமேல் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே மயிலுக்குக் கால் வரைந்தார்கள்.

அவர்கள் போனதும், இங்கிலீஷ் வராது என்பதிலிருந்து உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா வேற கடைக்குப் போயிருப்பேன்தான்" என்றாய். பொய் சொல்லத் தெரியாத ஆள் நீ. பிறகு குரலை இறக்கி, "உன் புள்ளியும் கோடும் மட்டும் எனக்கு இன்னா புரிஞ்சுது? நானும் இத்தினி நாள் தலையாட்டிகினுதானே இருந்தேன்" என்றாய். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் கடை தப்பித்தது.

அடுத்த கட்டு கார்டு தமிழில் வந்தது. மூலையில் என் குறிக்கென்று காலியாக ஒரு கட்டம். வீட்டுக்கு ஒன்று போதாது, ஆளுக்கு ஒன்று போடு என்றாய். தம்பிக்கு ஒரு புள்ளி கூட்டினேன். இப்போது மாடியில் உன் தங்கை உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கிறது. அதுக்கு என் குறி அத்தனையும் அத்துப்படி.

போன மாதம் ஒரு ஆபீசில் இங்கிலீஷ் பாரம் நீட்டினார்கள். பழைய நானாக இருந்தால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று நழுவியிருப்பேன். "எனக்கு இது படிக்க வராதுங்க, நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்று உரக்கச் சொன்னேன். பின்னால், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், கையில் அதே பாரத்தோடு நின்றிருந்த பெரியவர் என் தோளைத் தொட்டார்.

"கொஞ்சம் சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. நானும் கேட்டுக்கறேன்."