நீ சொல்லிக் கொடுத்த நக்கோ

அலுவலகத்தின் சுவருக்கு வெளியே யாரோ தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தார்கள். அந்தச் சத்தமும் வேர்க்கடலைச் சட்னி வாசமும் மூன்றாம் மாடிவரை ஏறி வந்தன. என் மேசையில் ஒரு தாள் கையெழுத்துக்குக் காத்திருந்தது: இனி எல்லோரும் உள்ளே உள்ள கேன்டீனில்தான் சாப்பிட வேண்டும், வெளியே நிற்கும் வண்டி அகற்றப்படும். உடனே உன்னிடம் பேசத் தொடங்கிவிட்டேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் நீ திரும்பாமல் ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்காக நான் வாயை மூடுவேனா?

நான் மதுரையிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்குக் கல்லூரி படிக்க வந்து இறங்கியவள். நீ இங்கேயே, மல்காஜ்கிரி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். முதல் நாள், வாசலில் இருந்த தோசை வண்டியில், "சட்னி வேணுமா?" என்று என் தட்டை நீட்டினேன். "நக்கோ டீ" என்றாய். எனக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன நாயா, நக்குறதுக்கு?" என்று சண்டைக்கு வந்தேன். உனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "அய்யே, நக்கோன்னா வேணாம்னு அர்த்தம்!"

வாசலில் நான்கு கடைகள் இருந்தன. எங்கே சட்னி இரண்டாம் முறை போடுவார்கள், எங்கே உட்கார நிழல் என்று மற்றவர்கள் பார்த்தார்கள். உன் கணக்கே வேறு. "விக்கிறவங்க தங்க கடையிலயே சாப்பிடறாங்களா, அதைப் பாரு." வண்டிக்கார அக்கா பதினோரு மணிக்கு அதே கல்லில் தனக்கும் ஒரு தோசை ஊற்றி, நின்றபடியே தின்பார். உனக்கு அது போதும்.

மூன்றாம் வருடம் கல்லூரிக்குள் கேன்டீன் வந்தது. வெளிச்சாப்பாடு வேண்டாம், வண்டியை எடுத்துவிடுங்கள் என்று நாங்களே எழுதிக் கொடுப்பதுபோல ஒரு தாளோடு பிரின்சிபால் வகுப்புக்கு வந்தார். அந்த வண்டியை நம்பித்தான் அக்காவின் இரண்டு பெண்கள் படித்தார்கள். நீ எழுந்தாய். கேன்டீன்காரர் மட்டும் ஏன் வீட்டுக் கேரியரைத் திறக்கிறார் என்று தெலுங்கில் கேட்டாய். வகுப்பே சிரித்தது. தாள் உன்னிடம் வந்தபோது, "நக்கோ சார்" என்றாய்.

அடுத்து என்னிடம் வந்தது. நான் பயந்து கையெழுத்துப் போட்டேன்.

வண்டி போனது. மறுநாள் இரண்டு தெரு தள்ளி அக்கா நின்ற இடத்துக்கு நீ என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். நான் தலைகுனிந்து நின்றேன். "கையெழுத்துதானே போட்ட, வாயையா எழுதிக் குடுத்த? சாப்பிடு" என்றாய். அந்தத் தோசை தொண்டையில் இறங்கவில்லை. இத்தனை வருடமாக இறங்கவில்லை.

இன்று மதியம் மேலாளர் பேனாவை நீட்டினார். "நக்கோ" என்றேன். பக்கத்து இருக்கையில் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த பெண் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். மேலாளரை நக்கச் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பாள், பாவம். அவளையும் கூட்டிக்கொண்டு படியிறங்கி வண்டிக்குப் போனேன். வண்டிக்காரர் தன் தோசையைப் பிட்டு வாயில் போட்டபடியே, சட்னி வேண்டுமா என்று கேட்டார்.

வேண்டும் என்றேன்.