சிவப்பு எண் போட்ட நண்டுகள்

கிள்ளான்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் பெர்னிஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் சுகம். அபர்டீனில் கோடைக்காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிறாயாம். நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் ரொட்டியைத் தின்று ஆராய்ச்சி செய்ய முடியாது.

வாட்ஸ்அப் இருக்க, அப்பா ஏன் காகிதத்தைத் தேடினார் என்று நினைப்பாய். என் போனை உன் அம்மா எடுத்துப் பார்ப்பாள். இது அவளுக்குத் தெரிய வேண்டாம். முட்டிவலியோடு கோவிலுக்குப் போய்வருகிறாள். பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம், இரண்டாம் வருஷத்திலேயே கோடை ஆராய்ச்சிக்கு என் மகளைத் தேர்ந்தெடுத்து ஃபெலோஷிப் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்று பாதிரியாரிடமும் சொல்லிவிட்டாள்.

கடை பரவாயில்லை. பாசாரில் கூட்டம் குறைவுதான், ஆனால் ரெஸ்டாரன்ட்காரர்கள் நண்டு கேட்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை கேரி தீவுக் கம்பத்து ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம். உங்கள் பேராசிரியை அனுப்பிய சுருக்கத்தை மீனவர் சங்கத்து ஆள் மலாயில் வாசித்தார். நீ இங்கே வந்து ஆராய்ச்சி செய்த அந்தக் கிளையாற்றில் நண்டு அநேகமாகத் தீர்ந்துவிட்டதாம். ஒரு வருஷத்துக்கு அங்கே யாரும் கூடை போடக் கூடாது என்று பேச்சு. முழு அறிக்கை வந்ததும் முடிவு செய்வார்களாம்.

மறுநாள் காலையில் நாகையா கடைக்கு வந்தான். உன்னை ஒரு மாதம் சம்பான் படகில் ஏற்றிக்கொண்டு சுற்றியவன். கூடையை இறக்கி வைக்கும் முன்னாலேயே, “என்னா பாஸ், நம்ம பாப்பா ஆத்துல நண்டே இல்லன்னு எழுதிருச்சாமே! அப்ப தெனமும் நான் உங்களுக்கு என்னாத்த கொண்டாரேன், தவளையா?” என்றான். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போகும்போது குரலைத் தணித்து, “எனக்கு வேற ஆறு கெடையாது பாஸ். பாப்பாகிட்ட ஒரு வார்த்த கேளுங்கலா” என்றான்.

அன்று கடையை அடைத்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நண்டு ஓட்டில் நெயில் பாலிஷால் சிவப்பு எண் போட்டு நீ ஆற்றில் விட்டாய். பிறகு, பிடித்து வரும் நண்டுகளில் எத்தனை சிவப்பு என்று என் கடையில் உட்கார்ந்து எண்ணினாய். சிவப்பு அபூர்வமாக வந்தால் ஆற்றில் நண்டு நிறைய. சிவப்பே அதிகமாக வந்தால் ஆற்றில் நண்டு கொஞ்சம்தான். நீ சொல்லிக் கொடுத்ததுதான் இது.

நான் என்ன செய்தேன்? உனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, சிவப்பு நண்டை என்னிடம் கொண்டுவந்தால் விலை கூடப் போட்டுத் தருவேன் என்று ஆற்றுக்காரர்களிடம் சொல்லி வைத்தேன். ஒரு சரக்கு வேண்டுமென்றால் வியாபாரி அதைத்தான் செய்வான். அவர்களும் சிவப்பையெல்லாம் பொறுக்கி எனக்குக் கொண்டுவந்தார்கள். எண் போடாத நண்டில் பெரும்பகுதியைத் தெலுக் பங்லிமா காராங்கில் மொத்தமாக வாங்கும் தவுக்கே முதலாளியிடம் போட்டுவிட்டார்கள். நீ எண்ணியது ஆற்றை இல்லை பெர்னி, என் விலையை.

போன வாரம் போனில் இதை நான் பெருமையாகச் சொன்னபோதே உனக்கு விளங்கிவிட்டது. “அப்பா, பிளீஸ்ப்பா, யார்கிட்டயும் சொல்லிராதீங்க. எல்லாத்தையும் அனுப்பியாச்சு. பிரசன்டேஷன் முடியட்டும்” என்றாய். எனக்குத்தான் விளங்கவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரியை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அப்பா ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. இளைத்த நண்டைக் கொழுத்த நண்டோடு சேர்த்துக் கட்டித் தள்ளிவிட்டதுண்டு. ஆனால் என்னிடம் வாங்கியவன் மறுநாள் வந்து என் முகத்துக்கு நேரே கத்துவான். நாகையா எங்கே போய்க் கத்துவான்? உன் மேடையும் தெரியாது, உங்கள் பேராசிரியையின் பாஷையும் தெரியாது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஃபெலோஷிப்பை நிறுத்துவார்களா, திரும்ப எண்ணச் சொல்வார்களா? இரண்டாவதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். முதலாவதாகவே இருந்தாலும், சொல்லிவிடு. பழியை என் மேல் போடு. என் அப்பா நண்டு வியாபாரி, கேட்காமலே விலையை ஏற்றிவிட்டார் என்று சொல். அது உண்மைதானே. நானே அவர்களிடம் பேச வேண்டுமென்றாலும் பேசுகிறேன், என் இங்கிலீஷுக்கு அவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அம்மாவை நினைத்துப் பயப்படாதே. அவளிடம் எப்படிச் சொல்வது என்பது என் பாடு.

நானே உங்கள் பேராசிரியைக்கு எழுதிப் போட்டிருக்கலாம். விலாசம் கைவசம் இருக்கிறது. எழுத உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. நான் சொன்னால் நீ மறைத்தாய் என்றாகும். நீ சொன்னால் நீ கண்டுபிடித்தாய் என்றாகும். அதனால் மேடை ஏறும் முன் உன் வாயால் சொல்லிவிடு, மகளே. நாகையா என்னிடம் இன்னும் ஒருமுறை கேட்பதற்குள் சொல்லிவிடு.

ஆண்டவர் உன் நாவில் தங்கி உன்னைக் காப்பாராக.

உன் அப்பா,
கிரிகரி