தவளைகள் கத்தும் வரை

அன்பு நெலிடா,

இதையெல்லாம் நான் முன்கூட்டியே சொன்னேன். என் வானொலித் தொடரில் மலை முதலில் புகைந்தது, பிறகு சாம்பல் பொழிந்தது, ஆறு சூடானது. உங்கள் மலையும் அதே வரிசையில்தான் போகிறது. கீட்டோ நகரப் பேராசிரியர்கள் இரண்டு பேர், இல்லை, ஐந்து பேர் என்னிடம் பாடம் கேட்க வந்தார்கள்.

உங்கள் ஊரே காலியாகிவிட்டது. பால் லாரி ஓட்டும் வில்சன் கூப்பிட்டும் நீ குழந்தைகளோடு கிளம்ப மறுத்தாயாம். “மாமா நாடகத்துல தவளை கத்துறது நின்னு மூணு நாள் கழிச்சுத்தானே மலை வெடிச்சுது? எங்க குளத்துல இன்னும் கத்துதே. போய்யா, பயந்தாங்கொள்ளி!” என்றாயாம்.

என் எழுத்தை இவ்வளவு நம்புகிறாயே என்று முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் நேற்றிலிருந்து, இவ்வளவு தொலைவில், இங்கேயே ஜன்னல்கள் அதிர்கின்றன.

நெலிடா, தவளை கத்திய அந்த வியாழக்கிழமை நாடகம் இரண்டு நிமிடம் குறைந்துபோனது. அதை நிரப்ப, நாடகத்துக்குச் சத்தம் எழுப்புகிறவர் சுரைக்குடுவையைக் குச்சியால் சுரண்டினார். தவளை மாதிரியே இருந்தது. மற்றதெல்லாம் புத்தகத்தில் படித்தது. தவளையும் அந்த மூன்று நாள் கணக்கும் மட்டும் நான் கட்டிவிட்டது.

இந்தக் கடிதத்தோடு வரும் வில்சனின் லாரியிலேயே ஏறிவிடு. தவளைகள் கத்திக்கொண்டிருந்தாலும் ஏறிவிடு.

உன் மாமன்